லிஸ்பனில் எந்தெந்த மொழி காதில் விழும்?

கேள்வி இதுதான்: "அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆறு நாள் லிஸ்பன் போகிறேன். மூன்று மாதமாகக் கைபேசிச் செயலியில் போர்ச்சுகீசியம் படித்து வருகிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அங்கே ஆங்கிலம் போதுமா? தெருவில் உண்மையில் என்னென்ன மொழி பேசுகிறார்கள்?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆங்கிலம் போதும். விமான நிலையம், விடுதி, அருங்காட்சியகம், நடுநகரத்து உணவகங்கள் என்று எங்கேயும் சிரமம் இருக்காது. போர்ச்சுகலில் பெரியவர்களுக்கான வெளிநாட்டுப் படங்களையும் தொடர்களையும் டப் செய்வது வழக்கமில்லை. மூலமொழியிலேயே ஓடவிட்டு, கீழே எழுத்துப் போடுவார்கள். அதனால் இளைஞர்கள் ஆங்கிலத்தைக் காதில் வாங்கியே வளர்ந்தவர்கள். வயதானவர்கள் விஷயம் வேறு. அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அயல்மொழி பிரெஞ்சுதான். சந்துக்குள் மளிகைக் கடை வைத்திருக்கும் பாட்டியிடம் ஆங்கிலம் செல்லாது, கைஜாடை செல்லும்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. எட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். லிஸ்பனைப் பார்க்க வருகிறவர்கள் கோட்டையையும் டிராமையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். காதைக் கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. இங்கே கேட்கிற மொழிகளில் பலவும் போர்ச்சுகீசியர்கள் கப்பலேறிப் போன துறைமுகங்களிலிருந்து அதே கடல்வழியில் திரும்பி வந்தவை. அதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நீங்கள் படித்த போர்ச்சுகீசியம். செயலியில் கேட்பது பெரும்பாலும் பிரேசில் உச்சரிப்பு. அதில் ஒவ்வொரு உயிரெழுத்தும் வாய் திறந்து, பாட்டு மாதிரி நீளும். லிஸ்பனில் இறங்கியதும் இது வேறு ஏதோ மொழி என்று தோன்றும். முதல் தடவை கேட்கிற பலர் ரஷ்ய மொழியா, போலிஷா என்று குழம்புவதுண்டு. காரணம் எளிது: இங்கே அழுத்தம் விழாத உயிரெழுத்தை விழுங்கிவிடுவார்கள். 'தெலெஃபோனே' என்று நான்கு அசையாக எழுதியிருப்பது வாயில் 'த்லஃபோன்' ஆகிவிடும். 'மன்னியுங்கள்' என்பதற்கு எழுத்தில் 'தெஸ்குல்பெ', தெருவில் 'த்ஷ்குல்ப்'. அசையின் கடைசியில் வரும் 'ஸ்' பெரும்பாலும் 'ஷ்' என்று ஒலிக்கும். கடற்கரை ஊரான கஸ்காயிஸை 'கஷ்காய்ஷ்' என்பார்கள், லிஸ்போவாவை 'லிஷ்போஆ' என்பார்கள். எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பழகிய நமக்கு இது பெரிய இடைஞ்சல். மெட்ரோ ரயிலில் உட்கார்ந்ததும் ஒரு பெண் குரல் 'ப்ரோசிம ஷ்தசௌங்' என்று சொல்லும். 'அடுத்த நிலையம்' என்று பொருள். அந்த இரண்டு சொல்லும் பிடிபட்டுவிட்டால் காது திறந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை வணக்கத்தைப் பிரேசிலில் 'போங் ஜீஆ' என்பார்கள், இங்கே 'போங் தீஆ'. பேருந்து அங்கே 'ஓனிபுஸ்', இங்கே 'ஆட்டோகாஹு'. ரயில் அங்கே 'த்ரெய்ங்', இங்கே 'கொம்பொய்யு'. பழச்சாறு அங்கே 'சுகு', இங்கே 'சுமு'. நீங்கள் பிரேசில் சொல்லைச் சொன்னாலும் கட்டாயம் புரிந்துகொள்வார்கள். 1977-ல் முதல் பிரேசில் தொலைக்காட்சித் தொடர் இங்கே ஒளிபரப்பாகி நாடே அதன் முன்னால் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பேச்சு இவர்களுக்குப் பழக்கம். பிரேசிலிலிருந்து புதிதாக வந்தவருக்குத்தான் லிஸ்பன் பேச்சு முதல் வாரம் புரியாது. ஒரே மொழிக்குள் இந்த ஒருவழிப் புரிதல் எனக்கு ஆரம்பத்தில் வியப்பாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சு நமக்குத் தட்டுத்தடுமாறிப் புரிய, நம் சினிமாப் பேச்சு அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கிறதே, அது மாதிரிதான்.

சில சொற்களில் மட்டும் கவனம் தேவை. 'ப்ரொப்பீனா' என்றால் இங்கே கல்லூரிக் கட்டணம், பிரேசிலில் லஞ்சம். 'ரபரீகா' இங்கே சாதாரணமாக ஒரு பெண்பிள்ளை. பிரேசிலின் பல பகுதிகளில் அது வசைச்சொல். நீங்கள் உணவகத்தில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் பிரேசில்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. போர்ச்சுகலில் வாழும் வெளிநாட்டினரில் மிகப் பெரிய கூட்டம் அவர்கள்தான். அப்படி ஒருவர் வந்தால் உங்கள் செயலிப் பாடம் அவரிடம் முழுதாகச் செல்லும், தயங்காமல் பேசுங்கள்.

இன்னொன்று மரியாதை. செயலி உங்களுக்கு எல்லோரையும் 'வொஸே' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கும். பிரேசிலில் அது சகஜம். லிஸ்பனில் அறிமுகமில்லாத பெரியவரைப் பார்த்து 'வொஸே' என்றால் கொஞ்சம் சுருக்கென்று படும். இங்கே நெருங்கியவர்களுக்கு 'து', மற்றவர்களுக்கு 'உ செஞ்ஞோர்', 'அ செஞ்ஞோரா'. அதாவது முன்னால் நிற்பவரையே 'ஐயா எங்கே போகிறார்?' என்று படர்க்கையில் கேட்பார்கள். நம் ஊரிலும் மரியாதைக்கு 'அண்ணன் சாப்பிட்டாரா?' என்று அண்ணனிடமே கேட்பதுண்டு. அதே மனசு.

காதை நன்றாகப் பழக்க ஓர் இடம் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பஸ்தெலரியா, அதாவது பலகாரமும் காப்பியும் விற்கிற தெருமுனைக் கடைக்குப் போய், மேசையில் உட்காராமல் கவுண்டரில் நில்லுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வந்து நிற்பார்கள். 'ஃபாஷ் ஃபவோர்!' என்று ஒரு குரல். கடைக்காரர் தலையைத் தூக்காமலே 'தீக', அதாவது 'சொல்லுங்க'. 'உம பீக', அதாவது சின்னக் கோப்பையில் திக்கான காப்பி. அந்தப் பெயர் லிஸ்பன்காரர்களின் சொந்தச் சொல். கோப்பையும் தட்டும் மோதுகிற சத்தத்துக்கு நடுவே இருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நீளமாக ஏதோ குறைபட்டுக்கொள்ள, மற்றவர் 'போய்ஷ்... போய்ஷ், போய்ஷ்' என்பார். அகராதியில் அதற்கு என்ன எழுதியிருந்தாலும், காதில் விழுவது நம் 'அதானே... ஆமா, ஆமா'தான். கைபேசி அடிக்கும். எடுத்ததும் 'ஷ்தோ?' என்பார்கள். 'இருக்கிறேன்' என்று அர்த்தம். ஹலோவுக்குப் பதில் 'இருக்கிறேன்' என்று சொல்லி ஒரு பேச்சைத் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

சரி, நம் பங்குக்கு வருகிறேன். என் அம்மா தூத்துக்குடிக்காரர். நான் வந்த இரண்டாவது வருஷம் என்னோடு ஒரு மாதம் இருக்க வந்தார். வீட்டுக்காரப் பெண்மணிக்கு எழுபது வயது, ஆங்கிலம் ஒரு சொல் கிடையாது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் அவர் அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தால் அம்மா சொல்கிறார்: "அந்த அம்மா நல்லாத் தமிழ் பேசுதே! ஜன்னலத் தொட்டு ஜநெலாங்குது, சாவியக் குடுத்து ஷாவுங்குது, மேஜைய மேஸாங்குது, அலமாரிய அர்மாரியுங்குது. வராந்தாவ வராண்டான்னே சொல்லுது." அன்று இரவு இருவரும் சமையலறையில் நின்று ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோப்பைக்கு 'கோப்பு', சட்டைப் பொத்தானுக்கு 'பொத்தௌங்', அன்னாசிக்கு 'அனனாஷ்'. ஐந்து நூற்றாண்டுக்கு முன்னால் நம் கடற்கரையில் இறங்கிய சொற்கள் அவை. அன்னாசி என்ற சொல் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியொன்றில் பிறந்து, போர்ச்சுகீசியர் வாய்வழி நமக்கு வந்தது. பிரேசிலில் இப்போது அந்தப் பழத்தை 'அபகஷி' என்கிறார்கள். இங்கே நம்மைப் போலவே இன்னும் பழைய பெயர்.

இலங்கைத் தமிழர்களுக்கு இதைவிட அதிகம் கைவரும். பாண் வாங்கப் போனால் கடையில் 'பௌங்' என்று கேட்க வேண்டும், மூக்கால் சொல்ல வேண்டும் (மூக்கை விட்டுவிட்டால் அது 'குச்சி' ஆகிவிடும்). கதிரை 'கதெய்ரா', சப்பாத்து 'சபாத்து', தாச்சி 'தாஷு', விசுக்கோத்து 'பிஷ்கொய்த்து'.

எதிர்த்திசையிலும் சொற்கள் போயிருக்கின்றன. உணவகத்துப் பட்டியலில் சூப் வரிசையில் 'கன்ஜா' என்று இருக்கும். அரிசி போட்ட கோழி ரசம். உடம்பு சரியில்லாதவர்களுக்கு இந்த ஊர் அம்மாக்கள் செய்து கொடுப்பது. அது நம் கஞ்சிதான், மலையாளக் கரையிலிருந்து கப்பலேறி வந்தது. 'மங்கா' என்றால் மாம்பழம். உங்கள் அம்மா ஒரு நாள் உடம்பு சோர்ந்து போனால் 'கன்ஜா' சொல்லி வாங்கிக் கொடுங்கள், ஆனால் கோழி இருக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

இந்த உறவு வெறும் சாமான் பெயர்களோடு நிற்கவில்லை. 1554 பிப்ரவரியில் இதே லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்கான ஜெபங்கள் அடங்கிய சிறு நூல், 'கார்த்தில்யா' என்பார்கள். தமிழ் எழுத்து அச்சில் வார்க்கப்படாத காலம், ஆகவே தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, கூடவே போர்ச்சுகீசியத்தையும் கொடுத்தார்கள். அதைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் இங்கே வந்திருந்த மூன்று தமிழர்கள்: விசென்தெ த நசரே, ஜோர்ஜ் கர்வாலியு, தொமே த குருஸ். ஞானஸ்நானப் பெயர்கள் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கின்றன. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578-ல்தான் வந்தது. அதற்கு 24 வருஷம் முன்னால் இது. பிரதி பெலேமில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. பெலேமுக்குப் போகாமல் எந்தப் பயணியும் லிஸ்பனை விட்டுக் கிளம்புவதில்லை. ஜெரோனிமுஷ் மடத்தின் அந்த நீளமான வெள்ளைச் சுவரைக் கடந்து போகும்போது, அச்சில் ஏறிய முதல் தமிழ் வாக்கியங்கள் இந்த ஊரில்தான் மை பட்டன என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

இனி மற்ற மொழிகள். ரோசியோ சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் சாவோ தொமிங்குஷ் என்று ஒரு சிறு திடல். 1840-லிருந்து செர்ரி மது விற்கிற கையகலக் கடை ஒன்று அங்கே உண்டு. அதன் வாசலில் சுற்றுலாக்காரர்கள் உலக மொழிகளெல்லாம் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்களைத் தாண்டி நாலு எட்டு வையுங்கள். நீள அங்கி அணிந்த ஆப்பிரிக்கப் பெரியவர்கள், தரையில் துணி விரித்துக் கோலாக்கொட்டையும் வேர்க்கடலையும் விற்கும் பெண்கள். பெரும்பாலோர் கினி-பிசாவ் நாட்டவர். தமக்குள் ஃபூலா, மந்திங்கா போன்ற தாய்மொழிகளில் பேசுவார்கள். வேறு இனத்தவர் வந்து சேர்ந்ததும் பேச்சு கிரியோலுக்கு மாறும். போர்ச்சுகீசியச் சொற்களை எடுத்து ஆப்பிரிக்க மண்ணில் புதிதாகக் கட்டிய மொழி அது.

அதே திடலில் ஒரு சுவர் இருக்கிறது. 'லிஸ்பன், சகிப்புத்தன்மையின் நகரம்' என்று முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் தாவீது நட்சத்திரம் பொறித்த ஒரு கல், 2008-ல் நட்டது. 1506 ஏப்ரலில், கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான யூதர்களை, திடலை ஒட்டிய சாவோ தொமிங்குஷ் தேவாலயத்திலிருந்து கிளம்பிய கும்பல் கொன்று குவித்தது. அந்த நினைவுக்காகத்தான் அத்தனை மொழியிலும் அந்த வாக்கியம். கொஞ்ச நேரம் நின்று படியுங்கள். பின்னால் கிரியோல் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

கேப் வெர்ட் தீவுகளின் கிரியோலைக் கேட்க வேண்டுமானால் நீங்கள் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை. எப்படியும் சிந்த்ரா அரண்மனைகளைப் பார்க்க ரோசியோவிலிருந்து ரயில் ஏறுவீர்கள். அந்த முக்கால் மணி நேரம் ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் அமடோரா, கேலூஷ், கசேங் என்று நிலையங்கள் வரும். வீடு துடைத்து, கட்டடம் கட்டி, சமையலறையில் பாத்திரம் கழுவி லிஸ்பனை ஓடவைக்கிறவர்களில் பெரும்பகுதி அங்கேதான் இறங்கும், ஏறும். சாயங்காலம் திரும்பும் வண்டியில் இரண்டு பெண்கள் ஒரே கைபேசியில் குனிந்து 'மோதி கி பு ஸ்தா?' என்று கேட்டுச் சிரிப்பதைக் கேட்கலாம். 'எப்படி இருக்கே?' என்பதுதான் அது. 'துது த்ரெத்து' என்று மறுமுனை: எல்லாம் நல்லபடி.

இவர்கள் வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1960-களில் போர்ச்சுகல் ஆண்கள் பிழைப்புக்காகக் கூட்டம் கூட்டமாகப் பிரான்சுக்குப் போனார்கள். இன்னும் பலர் ஆப்பிரிக்கக் காலனிப் போருக்குப் போனார்கள். காலியான இடத்தில் கட்டட வேலைக்குக் கேப் வெர்ட் ஆட்களை வரவழைத்தார்கள். 1974 ஏப்ரல் 25-ல் சர்வாதிகாரம் விழுந்தது, அடுத்த வருஷம் அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்ட் எல்லாம் விடுதலை பெற்றன. சுமார் 5 லட்சம் பேர் காலனிகளிலிருந்து வந்து இறங்கினார்கள், மொழிகளும் கூடவே வந்தன. லிஸ்பன் இளசுகள் இன்று மூச்சுக்கு மூச்சு சொல்லும் 'புவே' அங்கோலாவின் கிம்புந்து மொழிச் சொல். 'ரொம்ப' என்று பொருள். 2001-ல் லிஸ்பன் அறிவியல் கழகம் தன் அகராதியில் அதைச் சேர்த்தபோது பலர் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு 'புவே ஃபீஷ்', அதாவது 'செம', என்று சொல்லாத பள்ளிப் பிள்ளை கிடையாது. கிரியோலையே 'உடைந்த போர்ச்சுகீசியம்' என்று சொல்கிறவர்களை இங்கே சந்திப்பீர்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கென்று இலக்கணம் இருக்கிறது, கதைகளும் பாட்டும் இருக்கின்றன. போர்ச்சுகீசியம் மட்டும் தெரிந்தவருக்கு அது புரியாது.

கேப் வெர்டில் 'பேசு' என்பதற்கு 'பபியா' என்பார்கள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்கள் சில பேசிவருகிற இலங்கைப் போர்ச்சுகீசியத்திலும் அதே வினைச்சொல்தான். மலாக்காவிலும் மக்காவிலும்கூட அதேதான். மட்டக்களப்புப் பேச்சு தமிழோடு ஒண்டிக் குடியிருந்ததால் வினைச்சொல்லைத் தமிழ் போலவே வாக்கியத்தின் கடைசியில் கொண்டு போய் வைத்துக்கொண்டது. சிந்த்ரா ரயிலில் 'பபியா' காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழக்குக்கரை வீடுகள்தான் ஞாபகம் வரும்.

அடுத்து மார்த்திங் மொனிஷ். 28-ஆம் எண் டிராம் கிளம்பும் இடம், ஆகவே கட்டாயம் வருவீர்கள். (வரிசையில் நிற்கும்போது யாராவது 'கர்த்தெய்ரிஷ்தாஷ்!' என்று கத்தினால் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிக்பாக்கெட்காரர்கள் என்று எச்சரிக்கிறார்கள்.) 1147-ல் முதல் அரசர் அஃபோன்சு என்ரிக்கெஷ், அரபு பேசும் முஸ்லிம்களான மூர்களிடமிருந்து லிஸ்பனைப் பிடித்தபோது, கோட்டைக் கதவு மூடிவிடாமல் தன் உடம்பையே இடையில் கொடுத்து இறந்ததாகச் சொல்லப்படும் வீரனின் பெயர் அந்தச் சதுக்கத்துக்கு. தோற்ற மூர்களுக்கு ஒதுக்கிய பகுதிதான் பக்கத்திலுள்ள மொராரியா. அரபுப் பேச்சு போய்விட்டது, சொற்கள் போகவில்லை. எண்ணெய், சர்க்கரை, தலையணை, எல்லாம் அரபு வழிச் சொல். பழைய குடியிருப்பான அல்ஃபாமாவின் பெயரே வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'ஒஷலா' என்று பாட்டிமார் பெருமூச்சோடு சொல்வார்கள், 'இன்ஷா அல்லா'வின் பேத்தி அது. லிஸ்பன்காரர்களுக்குச் செல்லப்பெயர் 'அல்ஃபசீஞ்ஞா', குட்டிக் கீரை என்று சொல்லலாம். அந்த லெட்டூஸ் கீரையின் பெயரும் அரபுதான்.

இன்று அந்த மொராரியாவின் பென்ஃபொர்மோசு தெருவில் நடந்தால் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. மளிகை, முடிவெட்டும் கடை, கைபேசிப் பழுது, பிரியாணி. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்த நேரம் தெரு முழுக்க வங்காளம்தான். மேலே அன்ஜோஷ், அரோயோஷ் பக்கம் நேபாளி அதிகம், என் தெருவில் போர்ச்சுகீசியத்துக்கு அடுத்து நான் கேட்பது அதைத்தான். பஞ்சாபியும் உண்டு. சதுக்கத்தைச் சுற்றிய மொத்தவிலைக் கடைகளில் சீனம். அம்மாவுக்கு இந்தி கொஞ்சம் வந்தால் இந்தப் பகுதியில் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் அவரே பேரம் பேசி வாங்கிவிடுவார். தமிழை மட்டும் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

குஜராத்தி இங்கே வேறு வழியாக வந்தது. தியூ, சௌராஷ்டிரப் பக்கங்களிலிருந்து மொசாம்பிக்குக்கு வணிகம் செய்யப் போனவர்கள், அந்த நாடு விடுதலை அடைந்த பிறகு லிஸ்பனுக்கு வந்தார்கள். இந்துக்களும் இஸ்மாயிலி முஸ்லிம்களும் உண்டு. வீட்டில் குஜராத்தி, வெளியே சுத்தமான போர்ச்சுகீசியம். லுமியார் பகுதியில் அவர்கள் கட்டிய ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது, சைவச் சாப்பாடும் கிடைக்கும். கோவாக்காரர்களின் கொங்கணியை வெளியில் கேட்பது அரிது, வீட்டுக்குள் செல்லப்பெயராக ஒளிந்திருக்கும். 2015 முதல் 2024 வரை பிரதமராக இருந்த அந்தோனியு கோஸ்தாவின் தந்தை வழி கோவாதான். வீட்டில் அவரை 'பாபுஷ்' என்று கூப்பிட்டார்கள், கொங்கணியில் 'பையா' என்பது போல.

மற்றவை சுருக்கமாக. ஸ்பானிஷ் எங்கும் கேட்கும், பக்கத்து நாட்டுப் பயணிகள். போர்ச்சுகீசியர்களுக்கு அது புரியும். ஆனால் நீங்கள் 'கிராசியாஸ்' என்று நன்றி சொல்லித் தொடங்காதீர்கள். 1580 முதல் 1640 வரை 60 வருஷம் ஸ்பெயின் மன்னர்களின் கீழ் இருந்து மீண்டதற்கு இன்றும் டிசம்பர் 1-ல் விடுமுறை விடுகிற நாடு இது. ஆகஸ்டில் போனால் பிரெஞ்சு நிறையக் காதில் விழும். பிரான்சுக்குப் போன குடும்பங்கள் விடுமுறைக்கு வருவார்கள், பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை போட, பாட்டி போர்ச்சுகீசியத்தில் அதட்டுவார். உக்ரேனிய மொழியும் உண்டு, 2000-ஐ ஒட்டி வேலைக்கு வந்தவர்கள் தொடங்கிவைத்தது. 1999-ல் சட்ட அங்கீகாரம் பெற்ற மிரண்டேஷ் வடகிழக்கு மூலைக் கிராமங்களின் மொழி, லிஸ்பனில் கேட்க மாட்டீர்கள். மெட்ரோவில் இளைஞர்கள் கைகளால் வேகமாகப் பேசிக்கொள்வதைப் பார்த்தால், அது போர்ச்சுகீசிய சைகை மொழி. 1997-லிருந்து அரசியல் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு.

எழுத்தில் இரண்டு விஷயம் உங்களைத் தடுமாற வைக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைக்கதவில் எழுதியிருக்கும் ஒரு சொல்லை வாசித்தால் 'புஷ்' என்று வரும். ஆங்கிலம் என்று நினைத்துத் தள்ளாதீர்கள், அதற்கு 'இழு' என்று அர்த்தம். தள்ள வேண்டிய கதவில் 'எம்பூர்' என்று இருக்கும். அப்புறம் கிழமைகள். திங்கட்கிழமைக்கு 'இரண்டாவது', செவ்வாய்க்கு 'மூன்றாவது', வெள்ளிவரை 'ஆறாவது' என்று, நாம் துவிதியை, திருதியை என்று திதி எண்ணுவது போல எண்ணுகிறார்கள். கோள்களின் பெயரைக் கிழமைக்கு வைப்பது அஞ்ஞான வழக்கம் என்று பழைய திருச்சபை மாற்றியது இன்றுவரை நிற்கிறது. அருங்காட்சியக வாசலில் '2' என்று போட்டு மூடியிருக்கும் என்று எழுதியிருந்தால் இரண்டாம் தேதியல்ல, திங்கட்கிழமை. பல அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை, திட்டத்தை அதற்கேற்பப் போடுங்கள்.

ஓர் இரவு லிஸ்பனின் மரபுப் பாட்டான ஃபாது கேட்கப் போவீர்கள். மொராரியாவிலோ அல்ஃபாமாவிலோ சின்ன இடமாகப் பாருங்கள். விளக்கைக் குறைப்பார்கள். யாராவது 'சிலேன்சியு, கி ஸ் வாய் கந்தார் உ ஃபாது' என்பார்கள்: 'அமைதி, ஃபாது பாடப் போகிறோம்.' அதன்பின் கரண்டிச் சத்தம்கூட வரக் கூடாது. பாடுகிறவர்கள் உயிரெழுத்தை விழுங்க மாட்டார்கள், இழுத்து இழுத்துப் பாடுவார்கள். நீங்கள் படித்த போர்ச்சுகீசியம் இந்த ஆறு நாளில் முழுதாகக் கைகொடுக்கக்கூடிய இடம் அநேகமாக அதுதான்.

பேச்சை எப்போதும் வணக்கத்தில் தொடங்குங்கள். மதியச் சாப்பாடு வரை 'போங் தீஆ', அதன் பிறகு 'போஆ தார்த்', இருட்டியதும் 'போஆ நொய்த்'. வணக்கம் சொல்லாமல் நேராக ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது இங்கே அவ்வளவு நன்றாக இருக்காது. வணக்கம் சொன்ன பிறகு ஆங்கிலத்துக்கு மாறினால் முகம் கோணாமல் உதவுவார்கள். நன்றி சொல்லும்போது சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்: நீங்கள் 'ஒப்ரிகாது', அம்மா 'ஒப்ரிகாதா'. விமானத்தில் வரும்போதே அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஜன்னலும் சாவியும் அவருக்கு ஏற்கனவே தெரியும்.